தந்தைக்கு என்ன கொடுப்பது?

தாய்க்கு ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் நம்மில் பலருக்கு மிகுந்த யோசனை வேண்டியிருப்பதில்லை. புடவை உண்டு, பாத்திரம் உண்டு, பூஜைக்குரிய விளக்கு உண்டு. அன்னையின் விருப்பங்களைப் பல நாள் பேச்சிலிருந்து அறிந்தே வைத்திருப்போம். தந்தைக்கு என்று வரும்போதுதான் கடை வாயிலில் நின்று திகைக்கிறோம். "எனக்கு எதற்கு? இருப்பதே போதும். குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு" என்று அவர் முன்னதாகவே சொல்லியிருப்பார். அச்சொல்லை அப்படியே ஏற்று வாளாவிருப்போர் உண்டு. ஏற்காமல், விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பி, அது அலமாரிக்குள் உறையோடு உறங்குவதை அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்று காண்போரும் உண்டு.

தந்தை அவ்வாறு சொல்வது பொய்யன்று, பாசாங்குமன்று. வாழ்நாள் முழுவதும் கொடுத்தே பழகிய கை வாங்குவதற்குக் கூசுகிறது. பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டிய மாதத்தில் அவர் தம் செருப்புக்கு மறு தையல் போட்டுக்கொண்டார். மகளின் திருமணம் முடிந்த ஆண்டில் மூக்குக்கண்ணாடியை மாற்றாமலே காலம் தள்ளினார். இவ்வாறு தம் தேவைகளைத் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து, நாளடைவில் அவை என்னவென்பதையே அவர் மறந்துவிடுகிறார். ஆகவே, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதால் பயன் விளைவதில்லை. கேட்டு அறிய முடியாததைக் கவனித்துத்தான் அறிய வேண்டும்.

புனே நகரில் வாழும் தமிழர்களாகிய நமக்கோ இக்கவனிப்பு எளிதாக வாய்ப்பதில்லை. பூனா என்று நம் முன்னோர் வழங்கிய இந்நகருக்குத் தமிழர் பல காலங்களில், பல வேலைகளை நாடி வந்திருக்கின்றனர். கிர்க்கியில் 1869-ஆம் ஆண்டு தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை, ராணுவக் கணக்கு அலுவலகங்கள், ரயில்வே ஆகியவை முதலில் அழைத்தன. 1950-இல் தேசிய இரசாயன ஆய்வுக்கூடமும், 1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையும் எழுந்தன. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்கள் இளைஞர் கூட்டத்தை ஈர்த்தன. வந்தவர்களின் தந்தையரை இரு வகையினராகக் கொள்ளலாம். ஒருவர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஊரிலேயே இருப்பவர். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே அவரை நாம் காண்கிறோம். மற்றவர் முதுமையில் நம்மோடு இங்கு வந்துவிட்டவர். அவரை நாள்தோறும் காண்கிறோம், ஆயினும் அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்பதைக் காண்பதில்லை. இவ்விருவருக்கும் தக்க பரிசு எது என்பதே நம் கேள்வி.

இக்காலத்தில் ஜூன் மாதம் வந்தால் கடைகளே நமக்குத் தந்தையை நினைவூட்டுகின்றன. அம்மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். இதன் தொடக்கம் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில், 1910-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள். சொனோரா ஸ்மார்ட் டாட் என்னும் பெண்மணி இதற்கு முயன்றவர். அவருடைய தாயார் பிரசவத்தில் இறந்துவிட, உள்நாட்டுப் போரில் படைவீரராயிருந்த தந்தை ஆறு குழந்தைகளையும் தனியாளாக வளர்த்து ஆளாக்கினார். அன்னையர் தினத்தைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்ட மகளுக்கு, நம் வீட்டில் தாய் செய்ய வேண்டியதையும் தந்தையே செய்தாரே என்ற எண்ணம் எழுந்தது. அமெரிக்க அரசு இந்நாளைச் சட்டத்தால் நிலைநிறுத்தியது 1972-இல்தான். கழுத்துப்பட்டையும் சட்டைப் பொத்தானும் விற்கும் வணிகம் இந்நாளைப் பற்றிக்கொண்டது வேறு கதை. தொடக்கத்தில் அங்கே கடை இல்லை. தந்தை என்ன செய்தார் என்பதை ஒரு மகள் கவனித்தாள் என்பதே இருந்தது. நமக்கோ ஜூன் மாதம் வரை காத்திருக்க வேண்டிய அவசியமுமில்லை. தீபாவளி உண்டு, அவருடைய பிறந்த நட்சத்திரம் உண்டு, அறுபதாம் ஆண்டு நிறைவு உண்டு, எண்பதில் சதாபிஷேகம் உண்டு. இவை ஒன்றும் இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமையும் உண்டு.

பொருள்களில் அன்பு எவ்வாறு தங்குகிறது என்பதை அறிய விரும்புவோர், பாஜிராவ் சாலையை ஒட்டியுள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் சென்று வரலாம். தினகர் கேல்கர் என்பவர் 1896-இல் பிறந்து 1990-இல் மறைந்தவர். ராஜா என்னும் அவருடைய ஒரே மகன் இளம் வயதிலேயே இறந்துவிட்டான். அம்மகனின் பெயரால் தந்தை அமைத்ததே அக்காட்சியகம். 1920-ஐ ஒட்டித் தொடங்கிய அவருடைய சேகரிப்பு, 1962-இல் மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அங்கே 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அரசர்களின் முடியையும் செங்கோலையும் தேடி அவர் அலையவில்லை. விளக்கு, பூட்டு, பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி, மைக்கூடு, சமையற்கட்டுச் சாமான் எனப் பெயர் தெரியாத மனிதர்கள் நாள்தோறும் கையாண்டவற்றையே ஊர் ஊராகச் சென்று தேடினார். தந்தை மகனுக்குத் தந்தது இது. மகன் தந்தைக்குத் தரும்போதும் இவ்வழியைப் பின்பற்றலாம். கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்ப்பதைவிடக் கையில் எடுத்துப் புழங்குவதே தக்க பரிசு.

ஆகவே, கடைக்குச் செல்லும் முன்பு தந்தையின் ஒரு நாளை மனத்துக்குள் காலை முதல் இரவு வரை தொடர்ந்து செல்வோம். எழுந்ததும் அவர் கை எதைத் தேடுகிறது? செய்தித்தாளை எவ்வளவு தூரத்தில் பிடித்துப் படிக்கிறார்? மாத்திரைகளை எண்ணும்போது தடுமாறுகிறாரா? குளியலறைப் படியில் எதைப் பிடித்துக்கொள்கிறார்? நாற்காலியிலிருந்து எழுவதற்கு எத்தனை முறை முயல்கிறார்? அந்த நாளில் எங்கே ஒரு தடங்கல் இருக்கிறதோ, அங்கேதான் நாம் தேடும் பரிசும் இருக்கிறது. படிக்கும் இடத்துக்கு மேலே நல்லதொரு விளக்கு, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, கைகள் ஊன்றி எழக்கூடிய உயரமான நாற்காலி ஆகியவை பரிசு என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுவதில்லை. ஆயினும் இவற்றைப் பெற்ற தந்தை நாளொன்றுக்குப் பத்து முறை நம்மை நினைப்பார்.

உடை வாங்குவோரும் இவ்வாறே கவனிக்க வேண்டும். அகன்ற சரிகைக் கரை வேட்டி திருமணத்துக்கென்று பெட்டிக்குள் போய்விடும். மெல்லிய மல் வேட்டிதான் உடம்போடு ஒட்டி உழைக்கும். அவர் உடுத்துவது நாலு முழமா எட்டு முழமா என்று தெரியாமல் வாங்கக் கூடாது. சட்டை வாங்கினால் முதலில் பையைப் பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடி, பேனா, மடித்த சீட்டு, சில்லறை ஆகிய அனைத்துக்கும் அப்பை ஒன்றுதானே இடம்! பையில்லாத அழகிய சட்டை தந்தைக்குச் சட்டையே அன்று.

இம்மராட்டிய நாட்டுப் பொருள்களிலும் தந்தைக்கு ஏற்றவை பல உண்டு; ஏற்காதவையும் உண்டு. கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்றொரு தெரு இருக்கிறது. பேஷ்வாக்கள் காலம் தொட்டுச் செம்புக் கன்னார் வாழ்ந்துவரும் இடம் அது. செம்புப் பாத்திரத்தின் மேல் சுத்தியலால் அணி அணியாகத் தட்டி அவர்கள் பதிக்கும் புள்ளிகளை மடார் வேலை என்பர். அப்புள்ளிகள் வெறும் அழகுக்கு மட்டுமல்ல. தகடு இறுகி உறுதி பெறுவதும் அத்தட்டலால்தான். தண்ணீர் வைத்துக்கொள்ள அங்கிருந்து ஒரு செம்பு வாங்கித் தருவது நல்ல பரிசே. ஆனால் முதியவரின் கை தூக்கக்கூடிய அளவு பார்த்து வாங்க வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, புளி சேர்ந்த பண்டம் ஆகியவற்றை ஈயம் பூசாத செம்பில் வைக்கலாகாது என்பதையும் வீட்டாரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்பா வாரந்தோறும் அதைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்குவதில் மகிழ்பவராயின், அவ்வேலையும் பரிசின் ஒரு பகுதியாகிவிடும்.

ஊருக்குச் செல்லும் ரயில் சோலாப்பூர் வழியே போகிறது. அவ்வூரின் பருத்திப் போர்வைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பல ஆண்டு துவைத்தாலும் தாங்குபவை. புனே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். தஞ்சையின் வெக்கையிலும் சென்னையின் புழுக்கத்திலும் வாழ்ந்து பழகிய தந்தைக்கு அக்குளிர் எலும்பைத் தொடுவது. "குளிரவில்லை" என்றுதான் அவர் சொல்வார். அவர் கால்களை மடக்கிக் கொண்டு படுத்திருப்பதே நமக்கு விடையாக வேண்டும். சோலாப்பூர்ப் போர்வை அவருக்கு உகந்தது. இந்நாட்டு ஆயர்கள் போர்த்தும் கம்பளி அதைவிடக் கதகதப்பானதுதான். ஆனால் அதன் சொரசொரப்பு முதுமையின் மெல்லிய தோலை உறுத்தும்.

கோலாப்பூர்ச் செருப்பைக் கண்டவுடன் அப்பாவுக்கு ஒரு ஜோடி என்று நமக்குத் தோன்றும். அதன் தோல் முதலில் கடிக்கும். எண்ணெய் தடவிப் பழக்கினால்தான் இளகும். நீரிழிவு உள்ள தந்தையாயின் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். செருப்புக் கடித்ததும் தெரியாது, புண்ணானதும் தெரியாது. அத்தகையவருக்கு மென்மையான அடியும் குதிகால் வாரும் உடைய செருப்பே நலம். அழகிய பொருளை அவருக்காக வேண்டாம் என்று விலக்குவதும் கவனிப்பே.

இனி, தொலைவில் இருக்கும் தந்தையைப் பற்றிச் சிந்திப்போம். நம் நாட்டில் 1880-ஆம் ஆண்டு மணியார்டர் முறை வந்தது முதல், வெளியூரில் உழைக்கும் பிள்ளை தந்தைக்கு அளித்த பரிசு மாதத் தொடக்கத்தில் தபால்காரர் கொண்டுவந்த பணமாகவே இருந்தது. அப்படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு துண்டு உண்டு. "இங்கு யாவரும் நலம். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது" என்ற அளவில் இரண்டு வரிக்கே அதில் இடமிருக்கும். பணம் மளிகைக் கடைக்கும் வைத்தியருக்கும் போய்விடும். அத்துண்டு மட்டும் தந்தையிடம் தங்கும். அதை மடித்துப் பெட்டியில் வைத்தவர் எத்தனையோ பேர். இன்று கைப்பேசியைத் தொட்ட மாத்திரத்தில் பணம் ஊர் சேர்கிறது. இரண்டு வரி சேர்வதில்லை. அனுப்பும் வழி விரைவானதில் குற்றமில்லை. வழியில் விடுபட்ட அவ்விரு வரியை நாம் வேறு விதமாக அனுப்பினால் போதும்.

என்ன எழுதுவது என்று கேட்கலாம். திருவள்ளுவர் மக்கட்பேற்றைப் பற்றிய அதிகாரத்தை முடிக்கும்போது, மகன் தந்தைக்குச் செய்யக்கூடிய உதவி எது என்பதைச் சொல்கிறார். பொன்னையும் பொருளையும் அவர் குறிப்பிடவில்லை. இவனைப் பெற இவன் தந்தை என்ன தவம் செய்தாரோ என்று பிறர் வாயால் வரும் சொல்லையே குறிப்பிடுகிறார். இதிலிருந்து நாம் பெறும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. தந்தை தம் நண்பர்களிடம் எடுத்துச் சொல்லக்கூடிய செய்தியை எழுத வேண்டும். அலுவலகத்தில் நாம் முடித்த ஒரு வேலை, பேத்தி பள்ளியில் மராத்தியில் ஒப்பித்த பாட்டு, அண்டை வீட்டார் பண்டிகை நாளில் கொண்டுவந்து கொடுத்த பூரண்போளி, இவ்வாண்டு கணேச சதுர்த்தி ஊர்வலத்தில் கண்ட காட்சி ஆகியவற்றை அவர் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பத்து முறை சொல்வார். அச்செய்தி மாலைப் பொழுதுகளில் அவருக்குத் துணையாக இருக்கும். கையெழுத்தில் ஒரு பக்கம், எழுத்துச் சற்றுப் பெரியதாக எழுதினால் போதும்.

நம்மோடு இங்கு வந்துவிட்ட தந்தையின் நிலை வேறு. ஊரில் அவர் பெரியவர். அவரிடம் யோசனை கேட்க ஆள் வந்தது. மளிகைக் கடைக்காரர் பெயர் சொல்லி அழைத்தார். பேருந்து நடத்துநர் அவர் இறங்கும் இடத்தை அறிவார். இங்கே கதவைத் திறந்தால் புரியாத மொழி. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின்பு, பேரன் பள்ளியிலிருந்து திரும்பும் வரை, சாளரத்தருகே ஒரு நாற்காலிதான் அவருடைய உலகம். இவருக்கு எவ்வளவு பொருள்களை வாங்கிக் குவித்தாலும் அவர் இழந்தது அப்பொருள்களில் இல்லை. வெளியே தனியாகச் சென்று தனியாகத் திரும்பும் வல்லமையை அவர் இழந்திருக்கிறார். ஏதாவது ஒரு வழியில் பிறருக்கு உதவும் பெருமையையும் இழந்திருக்கிறார். அவ்விரண்டையும் திருப்பிக் கொடுப்பதே சிறந்த பரிசு.

முதலாவதைக் கொடுக்க ஓர் அட்டை போதும். இந்நகரத்துப் பேருந்துகள் பலவற்றில் வழி எண் தேவநாகரி இலக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். கடைப் பலகைகளும் பெரும்பாலும் அவ்வெழுத்திலேயே இருக்கும். ஒன்று முதல் பத்து வரை அவ்விலக்கங்களையும், அவற்றுக்கு நேரே நாம் அறிந்த இலக்கங்களையும் பெரிதாக எழுதிச் சட்டைப் பையில் அடங்கும் அட்டையாக்கலாம். மறுபுறத்தில் வீட்டு முகவரியை மராத்தியிலும், இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரையும், பால், காய்கறி, மருந்து, 'என்ன விலை', 'போதும்' போன்ற பத்துச் சொற்களைத் தமிழ் எழுத்திலும் எழுதலாம். இதை எழுதத் தக்கவர் பள்ளியில் மராத்தி படிக்கும் பேரனோ பேத்தியோதான். சுவாமிமலையில் தந்தையாகிய சிவபெருமான் மாணவராக அமர, மகனாகிய முருகன் பிரணவத்தின் பொருளை உரைத்தான் என்று போற்றி வந்த மரபு நம்முடையது. பேத்தியிடம் தாத்தா இலக்கம் கற்பதில் குறைவு ஏதுமில்லை. முதல் வாரம் அவளோடு போகட்டும்; மறு வாரம் ராஸ்தா பேட்டை வரை அவர் தாமே போய், தமிழ் பேசும் நாலு பேரைக் கண்டு, தாமே வீடு திரும்பட்டும். அன்றிரவு அவர் உணவு உண்ணும் விதமே வேறாக இருக்கும்.

இரண்டாவதைக் கொடுப்பதற்கு நாம் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். மகாபாரதத்தில் யயாதி மன்னன் சாபத்தால் முதுமை எய்தித் தன் புதல்வர்களிடம் இளமையைக் கேட்டான். நால்வர் மறுத்தனர்; புரு ஒருவனே கொடுத்தான். ஆயிரம் ஆண்டு அதை அனுபவித்த பின்னும் ஆசை அடங்கவில்லை என்றுணர்ந்த தந்தை, இளமையை மகனிடமே திருப்பித் தந்து, அரசையும் அவனுக்கே அளித்தான். தந்தையின் மனம் இறுதியில் கொடுப்பதிலேதான் நிறைவு கண்டது என்று அக்கதையை நாம் கொள்ளலாம். ஆதலின் நம் தந்தையிடம் நாமும் ஏதாவது கேட்போம். பேரனுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்குமாறு கேட்போம். குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை எழுதித் தருமாறு, ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும் அவர் விரும்பும் பேனாவும் வாங்கிக் கொடுத்துக் கேட்போம். வீட்டுக் கணக்கை அவர் பார்க்கட்டும். மாடியில் நாலு தொட்டியில் கறிவேப்பிலையும் துளசியும் வளர்க்கட்டும்.

இசையில் ஈடுபாடுள்ள தந்தைக்கு மார்கழியில் மனம் சென்னை சபாக்களுக்குப் பறக்கும். அம்மாதத்தை ஒட்டி இந்நகரிலும் பெரும் இசை விழா ஒன்று நடைபெறுகிறது. தம் குருவான சவாய் கந்தர்வரின் நினைவாகப் பண்டித பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கிய விழா அது. மாணவர் ஒருவர் குருவுக்குச் செலுத்திய காணிக்கையே அது என்பதை எண்ணினால், அங்கே தந்தையை அழைத்துச் செல்வது எவ்வளவு பொருத்தம்! ஆனால் நுழைவுச்சீட்டை மட்டும் வாங்கிக் கொடுத்து வாயிலில் இறக்கிவிட்டு வருவது பாதிப் பரிசே. அருகில் அமர்ந்து, "இது நம் கல்யாணிதானே?" என்று கேட்டு, "அவர்கள் இதை யமன் என்பார்கள்" என்று அவர் விளக்கும்போது கேட்டுக்கொள்வதே முழுப் பரிசு. போர்வையை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் மிகுதியாக வேண்டியதில்லை, நேரமே வேண்டும். நேரம் குறைவாக உள்ளவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை தந்தையோடு தொலைபேசியில் பேசும்போது, "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா, அப்பா?" என்று கேட்காமல், "இன்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள், அப்பா?" என்று கேட்போம். அவர் சொல்லச் சொல்லக் குறுக்கிடாமல் கேட்போம். என்ன வாங்க வேண்டும் என்பதை அவரே, தாம் சொல்வதை அறியாமலே, நமக்குச் சொல்லிவிடுவார்.